சொல்லிட்டுப் போ

பெரியவள் வந்து இறங்கிய அன்று, பட்டாணி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்ட கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

"போன் அம்மா எப்படிப் போனை விட்டு வெளியே வந்தாங்க?"

அதற்கு வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

பெரியவள் மூன்று வருடமாக வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பட்டாணி அவள் மகள். ஐந்து வயது. தரையில் விட்டால் எந்தப் பக்கம் உருண்டு ஓடுவாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் அந்தப் பெயர். அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் சேர்த்து வளர்த்தவள் சித்தி. அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருடக்கணக்காகிறது.

"டிகிரி, தண்ணி கொண்டா. டிகிரி, மோட்டாரை நிறுத்து."

டிகிரி வாங்கினால் தண்ணீர் கொண்டு வர வேண்டியதில்லை என்று எந்தக் காலேஜிலும் சொல்லித் தரவில்லை.

குழந்தையின் அப்பா என்று ஒருவர் உண்டு. பிரசவ வார்டில் எட்டிப் பார்த்ததோடு சரி. அவரைப் பற்றி இந்த வாரமும் எழுத ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை விமானம். இந்த முறை பெரியவள் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே வீடு பார்த்தாயிற்று, பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. பாக்கி ஒன்றுதான். பட்டாணி வரமாட்டேன் என்கிறாள்.

அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் டிகிரிக்கு உள்ளே ஒரு மணி அடித்தது. சந்தோஷ மணி. அந்தச் சத்தம் அவளுக்கே பிடிக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

*

"யூ ஆல்ரைட்?" என்று கேட்டபடி பெரியவள் சமையலறைக்குள் வந்தாள்.

டிகிரி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "எனக்கென்ன? காய்ச்சல்காரிகிட்ட கேக்குற மாதிரி தினமும் கேக்குறே."

"அங்க பார்த்ததும் அப்படித்தான்டி கேப்பாங்க. பதில்கூட சொல்ல வேணாம்."

"பதில் வேணாம்னா எதுக்குக் கேள்வி?"

"அதை நானும் முதல்ல கேட்டேன். இப்ப பழகிடுச்சு. தானா வாயில வருது."

முன் அறையில் அப்பா பஸ் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். சுவரோரம் ரெக்சின் சுருள்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. கண்ணாடி எங்கே என்று அவர் தடவ, பெரியவள் போகிற போக்கில் எடுத்துக் கொடுத்தாள். அவர் "ம்" என்றார். அந்த வீட்டில் அதுதான் நன்றி.

"நோ வொர்ரீஸ்ப்பா," என்றாள் பெரியவள்.

"நான் எப்ப கவலைப்பட்டேன்?" என்று அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

பட்டாணி பல் தேய்க்கும் நுரையோடு சிரித்தாள். அவளுக்கு இவையெல்லாம் புதிதில்லை. மூன்று வருடமாகத் தினமும் சாயங்காலம் போனில் கேட்டவை. அங்கே பெரியவளோடு ஒரே வீட்டில் மூன்று நர்சுகள் இருந்தார்கள். ஒருத்திக்குச் சொந்த ஊர் ஒரு தீவு, ஒருத்திக்கு வேறொரு கண்டம். எல்லோரும் இங்கிலீஷ்தான் பேசினார்கள், ஆளுக்கொரு இங்கிலீஷ். அவர்களில் ஒருத்திக்குப் பட்டாணி சிரிப்பு ஆன்ட்டி என்று பெயர் வைத்திருந்தாள். அவள் சிரித்தால் போனே ஆடும்.

டிகிரியின் இங்கிலீஷ் வேறு ஜாதி. இலக்கணப் புத்தகத்தை வரிவரியாகத் தின்று, கண்ணாடி முன் நின்று பேசிப் பேசிச் சேர்த்தது. சரக்கு ஏற்றுமதி ஆபீசில் அவள் எழுதும் கடிதத்தில் மேனேஜர்கூட ஒரு புள்ளியை மாற்ற மாட்டார். ஒரு தப்புக் கிடைத்தால் போதும், 'பாவம், வீட்ல இவதான் முதல்ல படிச்சவ' என்று தலையை ஆட்டக் காத்திருக்கிற கூட்டம் எது என்று அவளுக்குத் தெரியும். அதனால் அந்த இங்கிலீஷைத் துரு பிடிக்காமல் தேய்த்து வைத்திருந்தாள். பெரியவளோ வேலியோரம் நடந்து வந்தவள் புடவை மாதிரி, போன இடத்தில் ஒட்டியதையெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"பொண்ணுக்கும் ஒட்டிடுச்சு. பள்ளிக்கூடத்துல என்னத்தையாவது பேசி மாட்டப் போறா, பாரு," என்றாள் டிகிரி.

அவள் வாய் முகூர்த்தம். ஆபீஸ் போய் உட்கார்ந்த சிறிது நேரத்தில் பள்ளியிலிருந்து போன் வந்தது.

"குழந்தையோட அம்மா வரணும்."

டிகிரி அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளி வாசலுக்குப் போனால், பெரியவள் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தாள். அவளுக்கும் போன் போயிருக்கிறது.

"உன்னைத்தானே கூப்பிட்டாங்க? நான் எதுக்கு?" என்றாள் டிகிரி.

"எனக்கு மிஸ் யாருன்னுகூட தெரியாதுடி. கூட வா."

*

பெரிய மிஸ்ஸின் அறையில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வகுப்பு மிஸ் சுவரோரம் நின்றாள். சின்னப் பெண். கையெல்லாம் சாக்பீஸ் தூள், தொண்டை கட்டியிருந்தது.

"உங்க குழந்தை யாரைப் பார்த்தாலும் வெல்டன் சொல்லுது," என்றார் பெரிய மிஸ்.

டிகிரி காத்திருந்தாள். புகாரே அவ்வளவுதான் என்று புரியச் சற்று நேரமானது.

"சொன்னா என்ன மேடம்?"

"ஆயாம்மா வராண்டா துடைச்சுக்கிட்டு இருக்காங்க. பக்கத்துல போய் நின்னு, வெல்டன் ஆயாம்மாங்குது. சரி, போகட்டும். இவங்க போர்டுல எழுதும்போது பின்னாடியிருந்து, வெல்டன் மிஸ்! இப்ப மொத்த கிளாஸும் சொல்லுது."

"நான் எழுதினா வெல்டன். அழிச்சா வெல்டன்," என்றாள் வகுப்பு மிஸ், கரகரத்த குரலில். "திட்டினேன். நோ வொர்ரீஸ் மிஸ்ங்குது."

டிகிரிக்குச் சிரிப்பு முட்டியது. பெரிய மிஸ்ஸின் அடுத்த பேச்சில் அது செத்துப்போனது.

"தப்பா நினைக்காதீங்க. வீட்ல இங்கிலீஷ் பழக்கம் இல்லாத குழந்தைங்ககிட்ட இதை நிறையப் பார்க்கிறோம். டிவியில, போன்ல கேட்டு, எதை எங்க சொல்றதுன்னு தெரியாம எடுத்துக்குவாங்க. பெரியவங்கதான் சின்னவங்களைப் பார்த்து வெல்டன்னு சொல்லணும். வீட்ல சொல்லிக் குடுக்க யாராவது படிச்சவங்க இருக்காங்களா?"

"இருக்கோம்," என்றாள் டிகிரி. "ரெண்டு பேர் இருக்கோம். உங்க முன்னாடிதான் உட்கார்ந்திருக்கோம். ஒருத்தி பி.காம்., ஒருத்தி நர்சிங். பார்த்தா தெரியலைன்னா சொல்லுங்க, நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வர்றோம்."

பெரிய மிஸ்ஸின் முகம் இறுகியது. பெரியவள் தங்கையின் மணிக்கட்டில் கை வைத்தாள். நாடி பார்க்கிற மாதிரி.

"மேடம், அது என்கிட்டேருந்து வந்தது," என்றாள். "என்கூட வேலை பார்க்கிற சிஸ்டர் ஒருத்தங்க. அவங்க ஊர்ல, வேலை செய்றவங்களைத் தாண்டிப் போறப்ப சும்மா போக மாட்டாங்க. வெல்டன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. மார்க் போடுறதுக்கு இல்ல. நீ வேலை செய்றதை நான் பார்த்தேன், அவ்வளவுதான். பெரியவங்களுக்குச் சின்னவங்களும் சொல்லலாம். சொல்லாம போனாதான் அவங்களுக்கு மரியாதைக் குறைச்சல். குழந்தை போன்ல அதைத்தான் பார்த்திருக்கா."

வகுப்பு மிஸ் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"அழிச்சதுக்குக் கூடவா?" என்றாள் வகுப்பு மிஸ்.

"அழிக்கிறதும் வேலைதானே மிஸ்."

வகுப்பு மிஸ் உள்ளங்கையிலிருந்த தூளைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. தொண்டை ஒத்துழைக்காததால் இருமலாக முடிந்தது.

"சரி, சொல்லட்டும். ஆனா பெல் அடிச்சப்புறம் சொல்லச் சொல்லுங்க. எல்லாம் ஒரே நேரத்துல கத்தினா நான் என்ன எழுத வந்தேன்னு எனக்கே மறந்துடுது."

பெரிய மிஸ்ஸும் தோளைத் தளர்த்திக்கொண்டார். 'படிச்சவங்க இருக்காங்களா' என்று கேட்டதற்கு மட்டும் அவர் வருத்தம் சொல்லவில்லை. சொல்வார் என்று டிகிரியும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்து ஏமாறுகிற வயதெல்லாம் அவளுக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

பட்டாணியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஓடி வந்து டிகிரியின் மடியில் ஏறிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட போகலையா?" என்று பெரிய மிஸ் அன்பாகத்தான் கேட்டார்.

"இது சித்தி," என்று பட்டாணி விளக்கினாள். "அது போன் அம்மா."

பெரியவள் குனிந்து குழந்தையின் தண்ணீர் பாட்டில் மூடியை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

*

வீட்டுக்கு நடந்தார்கள். பட்டாணி முன்னால் நடைபாதைக் கற்களை ஒன்று விட்டு ஒன்று தாண்டிக்கொண்டு போனாள்.

"போன புதுசு," என்றாள் பெரியவள், தானாகவே. "ஒரு பெரியவர், படுக்கையெல்லாம் நாசம் பண்ணிட்டார். திரையை இழுத்துவிட்டுட்டு நான் துடைச்சுக்கிட்டு இருக்கேன். அவர் வேற என்னைத் திட்டிக்கிட்டே இருக்கார். எனக்கு இவ ஞாபகம். கண்ணுல தண்ணி. கையில கிளவுஸ், துடைக்கவும் முடியல. அப்ப திரையை விலக்கிட்டு ஒருத்தி தலையை நீட்டினா. கை நிறைய பெட்ஷீட். 'வெல்டன், மை சிஸ்டர்'னு சொன்னா. சொல்லிட்டுப் போயிட்டா. ஒரு நிமிஷம்கூட நிக்கல."

"அவதான் சிரிப்பு ஆன்ட்டியா?"

"ம். அதுவரைக்கும் எனக்கு யாரும் எதுவும் சொன்னதில்லடி. வேலையில தப்பு பண்ணினா சொல்லுவாங்க. சரியா பண்ணினா பேச்சே இருக்காது. இவ என்னடான்னா, நான் இன்னும் முடிக்கக்கூட இல்ல, அதுக்குள்ள சொல்லிட்டா."

டிகிரிக்கு அம்மா ஞாபகம் வந்தது. பெரிய சலவைக் கம்பெனியில் அம்மா பகலெல்லாம் நின்றுகொண்டு ஹோட்டல் விரிப்புகளை இஸ்திரி மெஷினுக்குள் தள்ளுகிறாள். நீராவியில் வெந்து வீட்டுக்கு வந்தால் 'என்ன குழம்பு?' என்று கேட்பதற்கு இத்தனை பேர் இருக்கிறோம். நம் பேச்சில் இல்லாத வார்த்தையா? கொட்டிக் கிடக்கிறது. வாயைத் திறக்கத்தான் ஆளில்லை.

"உனக்கும் சொல்லணும்னு வந்த அன்னிலேருந்து பார்க்கிறேன்," என்றாள் பெரியவள். "இவளை நீ வளர்த்து வச்சிருக்கிறதைப் பார்த்தப்பவே. நீதான் மூஞ்சியை அப்படி வச்சிருக்கே."

"சொல்லித் தொலைச்சுடாதே," என்றாள் டிகிரி. "நடு ரோட்டுல அழுதுடுவேன்."

பெரியவள் சொல்லவில்லை. தங்கையின் தோள்மேல் தோள் இடித்தபடி நடந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது இடிப்பாளே, அந்த மாதிரி.

*

அம்மா சீக்கிரமே வேலையிலிருந்து வந்திருந்தாள். கட்டில்மேல் பட்டாணியின் பெட்டி திறந்திருந்தது. குட்டிக் குட்டிச் சட்டைகள், ஸ்வெட்டர், கோணலாகச் சிரிக்கிற துணிக் குரங்கு. எல்லாவற்றுக்கும் மேலே டிகிரியின் சுடிதார்கள், அழகாக மடித்து.

"என் துணி எதுக்கு இதுல?"

அம்மா நிமிரவில்லை. ஒரு சட்டையை மூன்றாவது முறையாக மடித்தாள்.

"அவளைக் கேக்காதே. என் ஐடியா," என்று முன் அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. தையல் மெஷின் நின்றுவிட்டிருந்தது. "சித்தியும் வர்றான்னு குழந்தைகிட்ட சொல்லியாச்சு. காலையிலேயே சொல்லிட்டேன். எவ்வளவு சந்தோஷமா பள்ளிக்கூடம் போச்சு, பார்த்தியா? துணியும் பெட்டியில இருந்தா நம்பும். ஏர்போர்ட்ல உள்ளே போற நேரம் பார்த்து நீ மெதுவா நழுவிடு. கொஞ்ச நேரம் அழும். பிளேன் கிளம்பினா சரியாயிடும். குழந்தைதானே?"

டிகிரி திரும்பிப் பார்த்தாள். பட்டாணி வாசலில் உட்கார்ந்து ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடுக்கி ஏதோ கட்டிக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை. டிகிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்ந்த குரலில் அவள் கோபம் இன்னும் மோசமாக இருக்கும்.

"மூணு வருஷம் முன்னாடியும் இதே ஐடியாதான்ப்பா."

அம்மா சட்டையைக் கட்டிலில் வைத்தாள்.

"சொல்லிட்டுப் போனா அழும், தூங்கும்போது கிளம்பிடுன்னு எல்லாரும் சேர்ந்து இவளை அனுப்பினோம். நானும்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எந்திரிச்சதும் குழந்தை என்ன பண்ணிச்சுன்னு இவளுக்கு யாராவது சொன்னோமா?"

"இப்ப எதுக்குடி அதெல்லாம்?" என்றாள் அம்மா.

"என்ன பண்ணினா?" என்றாள் பெரியவள்.

"தேடினா. கட்டிலுக்கு அடியில, பாத்ரூம்ல, அந்த ரெக்சின் சுருளுக்குப் பின்னாடி. எல்லாம் தேடிட்டு அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தா. உள்ளே கையை விட்டுத் துழாவினா. ரெண்டு வயசு. அம்மா எவ்வளவு பெரிய ஆளு, டப்பா எவ்வளவு சின்னதுன்னு அதுக்குத் தெரியுமா? அதுக்கப்புறம் என் துப்பட்டா நுனியைக் கையில சுத்திக்காம அவ தூங்கினதே இல்ல. நான் நகர்ந்தா தெரியணும். அதுக்குத்தான்."

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஊசி போடும்போதுகூட மாறாத நர்ஸ் முகம் அவளுக்கு. அது இப்போது இருந்த இடம் தெரியவில்லை.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அடுத்த பிளேன்ல வந்திருப்பே."

"வந்திருப்பேன்தான்."

"அதனாலதான்."

அப்பா முன் அறையிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். கையில் இன்னும் கத்தரிக்கோல். "எனக்கு மட்டும் ஆசையாடி?" என்றார். "அன்னிக்கு அது அழுத சத்தம் இன்னும் காதுல இருக்கு. இன்னொரு தடவை கேக்க முடியாது. ஏர்போர்ட்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம்னா கேக்காதுல்ல. அதான்."

கோபப்படுவதற்குத் தயாராக நின்ற டிகிரிக்கு, கோபத்தை வைக்க இடம் கிடைக்கவில்லை. அப்பாவின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி அலமாரிமேல் வைத்தாள்.

அம்மா பெட்டியிலிருந்து சுடிதார்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

டிகிரி ஒன்றைப் புரிந்துகொண்டாள். இப்போது வாயைத் திறந்தால் பட்டாணி போகமாட்டாள். திறக்காவிட்டால் போய்விடுவாள். குழந்தை தன்னோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் உண்மையைச் சொன்னால், அது உண்மைக்காகவா, ஆசைக்காகவா? அவளுக்கே தெரியவில்லை. ஆனால் இந்தக் குழந்தை இரண்டாவது முறை ஏமாறுவதை அவளால் பார்க்க முடியாது. அது மட்டும் தெரிந்தது.

வாசலுக்குப் போய்ப் பட்டாணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பட்டாணி, நான் வரல. நீயும் அம்மாவும் மட்டும்தான் போறீங்க."

"தாத்தா சொன்னாங்களே."

"தாத்தா தப்பா சொல்லிட்டாங்க."

பின்னால் வந்து நின்ற தாத்தாவைப் பட்டாணி திரும்பிப் பார்த்தாள். அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"அப்ப நானும் வரல."

"சரி," என்றாள் டிகிரி. உள்ளே அந்தச் சந்தோஷ மணி அடிக்கும் என்று நினைத்தாள். அடிக்கவில்லை.

பெரியவள் வந்து படியில் குழந்தைக்கு எதிரே, ஒரு படி கீழே உட்கார்ந்தாள். தொடவில்லை.

"நீ வர வேணாம்னா வேணாம். ஆனா ஏன்னு சொல்லு."

பட்டாணி ஸ்பாஞ்சைப் பிய்த்தாள். "அங்க போனாலும் நான் தூங்கினா நீ போயிடுவே."

"டூட்டிக்குப் போவேன். நீ முழிச்சிருக்கும்போது, சொல்லிட்டுப் போவேன். தூங்கினா எழுப்பிச் சொல்லிட்டுப் போவேன். நீ அழுதாலும் சொல்லிட்டுத்தான் போவேன்."

"எப்படிச் சொல்லுவே?"

"போயிட்டு வர்றேன்னு."

பட்டாணி யோசித்தாள். அந்தச் சொல்லின்மேல் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"சிரிப்பு ஆன்ட்டி சொல்ற மாதிரி சொல்லு."

பெரியவளுக்குப் புரிந்தது. டிகிரிக்கும் புரிந்தது. போனில் பேசிக்கொண்டே இருக்கும்போது சிரிப்பு ஆன்ட்டி எழுந்து போவாள். போகும்போது "ஐயம் கமிங்" என்பாள். ஒவ்வொரு முறையும் திரும்பி வருவாள். வெறுங்கையோடு வந்ததில்லை. ஒரு வாழைப்பழம், ஒரு தொப்பி, ஒரு நாள் கையில் பூனை. மூன்று வருடத்தில் ஒரு முறைகூட வராமல் இருந்ததில்லை.

போகிறவள் எப்படி 'கமிங்' என்று சொல்லலாம், அது தப்பு என்று டிகிரி அப்போதெல்லாம் பல்லைக் கடித்திருக்கிறாள். இன்று காலை ஆபீஸ் கிளம்பும்போது தான் இந்த வாசலில் நின்று என்ன சொன்னோம் என்று இப்போது நினைத்துப் பார்த்தாள். 'வர்றேன்ப்பா.' தினமும் அதைத்தான் சொல்கிறாள். எங்கோ சிரிப்பு ஆன்ட்டியின் ஊரில், முகம் தெரியாத வீடுகளிலும் வாசலில் நின்று இதையே சொல்கிறார்கள். போகிறேன் என்று சொல்ல அவர்களுக்கும் மனசு வருவதில்லை போலிருக்கிறது.

"ஐயம் கமிங்," என்றாள் பெரியவள்.

"இப்ப போ," என்றாள் பட்டாணி.

"எங்க?"

"அந்த லைட் கம்பம் வரைக்கும். போயிட்டு வா."

பெரியவள் எழுந்தாள். வெயிலில் செருப்புகூட இல்லாமல் விளக்குக் கம்பம் வரை போனாள். தொட்டாள். திரும்பி வந்தாள்.

பட்டாணியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இப்ப அந்த மருந்துக் கடை வரைக்கும்."

"ஐயம் கமிங்."

மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் கிளிப்பைப் பல்லில் கடித்தபடி வேடிக்கை பார்த்தாள். வெளிநாட்டு நர்ஸ் தெருவில் வெறுங்காலோடு போவதும் வருவதுமாக இருந்தால் பார்க்கமாட்டார்களா? பெரியவள் யாரையும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் சொன்னாள், போனாள், வந்தாள்.

"இப்ப வளைவுக்கு அந்தப் பக்கம்," என்றாள் பட்டாணி. குரல் சின்னதாகியிருந்தது. "எனக்குத் தெரியாத இடத்துக்கு."

"ஐயம் கமிங்," என்று சொல்லிவிட்டுப் பெரியவள் நடந்தாள். தெரு முனையில் திரும்பினாள். மறைந்தாள்.

பட்டாணி எழுந்து நின்றாள். அவள் கை பழக்கத்தில் டிகிரியின் துப்பட்டாவைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி ஒன்று முனையில் வந்து குறுக்கே நின்று, பின்னுக்குப் போவதா முன்னுக்கு வருவதா என்று தெரியாமல் தவித்தது. தெரு அடைத்துக்கொண்டது. உள்ளே அப்பா மெஷின்மேல் கை வைத்தவர் மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பட்டாணி துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். டிகிரி 'வந்துடுவாங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. இதில் தான் பேசக்கூடாது என்று தோன்றியது.

லாரிக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைக் குறுக்கிப் பெரியவள் வெளியே வந்தாள். தோளில் சுண்ணாம்பு. ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"வந்துட்டேன்."

பட்டாணி துப்பட்டாவை விட்டாள். தன் அம்மாவின் தோளிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். ரொம்ப நேரம் தட்டினாள், அது போன பிறகும்.

"ஞாயித்துக்கிழமை வர்றியா?" என்று பெரியவள் மெல்லக் கேட்டாள்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள் பட்டாணி. பிறகு திரும்பினாள்.

"சித்தி, இப்ப நீ போ."

"நானா?"

"ம். வளைவு வரைக்கும். சொல்லிட்டுப் போ."

டிகிரி செருப்பை மாட்டினாள். இலக்கணமும் ஆயிற்று, மண்ணும் ஆயிற்று. "ஐயம் கமிங்," என்றாள். அவள் வாயில் அது கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்தது.

கம்பத்தைத் தாண்டினாள். மருந்துக் கடையைத் தாண்டினாள். லாரி போய்விட்டிருந்தது. முனையில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் இருவரும் நின்றிருந்தார்கள். பட்டாணியின் கை பெரியவளின் கைக்குள் இருந்தது. யார் முதலில் பிடித்தது என்று இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி கழுத்தை நீட்டி, ஒரே மாதிரி கண்ணைச் சுருக்கி, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை வருடமும் அந்த வாசலில் பட்டாணியோடு நின்று காத்திருந்தவள் டிகிரி. அவளுக்காக அங்கே இருவர் காத்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"வா சித்தி!" என்று பட்டாணி கத்தினாள்.

போகத்தான் வேண்டும். சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஆனாலும் டிகிரி அவசரப்படவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து நிற்பதை இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தாள்.